ப்ராஸ்டேட் கேன்சர்னு ரிப்போர்ட் வந்தாச்சு, சரியான ட்ரீட்மென்ட் சரியான நேரத்துல கிடைக்க என்னென்ன பண்ணணும்: முழு வழிகாட்டி

அப்பாவுக்கோ மாமாவுக்கோ பயாப்ஸி ரிப்போர்ட்ல அடினோகார்சினோமான்னு வந்துடுச்சு. வீட்டுல ஒருத்தர் நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்ங்கறாங்க, இன்னொருத்தர் எழுபது வயசுக்கு மேல எதுக்கு இந்த அலைச்சல் அப்படியே விட்டுடுங்கங்கறாங்க, பக்கத்து வீட்டுக்காரர் கேரளாவுல ஒரு வைத்தியர் இருக்காருன்னு நம்பர் அனுப்பறாரு. இந்த நேரத்துல ஒருத்தர் உட்கார்ந்து வரிசையா சொன்னா எவ்வளவு நல்லா இருக்கும்னு நானே தவிச்சிருக்கேன், எங்க குடும்பத்துலயே ரெண்டு பெரியவங்களுக்கு இது வந்துச்சு, அதனால தான் இதை இவ்வளவு நீளமா எழுதறேன். நான் டாக்டர் இல்ல. டாக்டர்கிட்ட என்ன கேக்கணும், எதை கையில வச்சுக்கிட்டு போகணும், எங்க அவசரப்படணும், எங்க அவசரப்படக்கூடாதுன்னு சொல்றது தான் இங்க நோக்கம்.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். ப்ராஸ்டேட் கேன்சர்ங்கறது எல்லாருக்கும் ஒரே நோய் கிடையாது. சிலருக்கு பத்து வருஷம் சும்மா கண்காணிச்சா போதும், சிலருக்கு இந்த வாரமே மருந்து ஆரம்பிக்கணும். நீங்க எந்த வகைன்னு தெரியாம எடுக்குற முடிவு தான் நிறைய பேரை கஷ்டப்படுத்துது. பயத்துல முதல் வாரமே, ஆம்பளை ஹார்மோனை குறைக்கறதுக்காக, விரையை எடுத்துட்டு வர்றவங்களும் இருக்காங்க, ஆறு மாசம் ரிப்போர்ட்டை பீரோவுல வச்சுட்டு முதுகுவலின்னு திரும்ப வர்றவங்களும் இருக்காங்க.

எதுக்கும் முன்னாடி: இந்த அறிகுறி இருந்தா கீழ இருக்குற எதையும் படிக்காம எமர்ஜென்சிக்கு போங்க

ரெண்டு காலும் பலம் குறையற மாதிரி இருக்கு, நடக்கும்போது தடுமாறுது, இடுப்புக்கு கீழ மரத்துப்போகுது, முதுகுல படுத்தாலும் விடாத வலி, புதுசா யூரினோ மோஷனோ கன்ட்ரோல் இல்லாம போகுது, இதுல எது வந்தாலும் கட்டி முதுகெலும்புல பரவி தண்டுவடத்தை அழுத்துதான்னு அன்னைக்கே பாக்கணும். எம்ஆர்ஐ எடுப்பாங்க, ஸ்டீராய்டு ஊசி உடனே போடுவாங்க, அப்புறம் கரண்ட் வைக்கிறதோ (ரேடியேஷன்) ஆபரேஷனோ முடிவு பண்ணுவாங்க. நடக்க முடியற நிலைமையில வந்தவங்க பெரும்பாலும் தொடர்ந்து நடக்கறாங்க, கால் முழுசா விழுந்தபிறகு வந்தா திரும்ப எழுந்து நிக்கிறது ரொம்ப கஷ்டம், அதனால "திங்கக்கிழமை ஓபியில காட்டிக்கலாம்"னு ஒத்திப்போடவே கூடாது.

யூரின் சுத்தமா அடைச்சுக்கிட்டா, கட்டி கட்டியா ரத்தம் போனா, யூரின் அளவு குறைஞ்சு வாந்தி வந்து கிரியாட்டினின் (கிட்னி வேலையை காட்டற ரத்த டெஸ்ட்) ஏறியிருந்தா, அதுவும் அன்னைக்கே பாக்க வேண்டியது. ட்யூப் போட்டு கிட்னியை காப்பாத்தினா தான் மத்த ட்ரீட்மென்டுக்கே வழி. இது எதுவும் இல்லைன்னா மூச்சு விட்டுட்டு கீழ படிங்க, உங்களுக்கு சில வாரம் நேரம் இருக்கு.

படி 1: ரிப்போர்ட்டை கையில வாங்குங்க, பிளாக்கையும் சேர்த்து

நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இது தெரியவர்றதே ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு டியூஆர்பி ஆபரேஷன் பண்ணும்போது தான். சுரண்டி எடுத்த சதையை லேபுக்கு அனுப்பிடுவாங்க, ஆபரேஷன் முடிஞ்சு யூரின் நல்லா போகுதுன்னு டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்துடுவோம், ரிப்போர்ட் அங்க லேப்லயே கிடக்கும். டியூஆர்பி பண்ண யாரா இருந்தாலும் "பயாப்ஸி அனுப்பினீங்களா, ரிப்போர்ட் எப்ப வரும்"னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டு தேதியை எழுதிக்கோங்க.

ஒரு ஃபைல் போடுங்க. அதுல இதெல்லாம் இருக்கணும்: இதுவரை எடுத்த எல்லா பிஎஸ்ஏ ரிசல்ட்டும் (ப்ராஸ்டேட்டுக்கான ரத்த டெஸ்ட்) தேதியோட, பயாப்ஸி ரிப்போர்ட் ஒரிஜினல், ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் இல்லாம அந்த ஸ்கேனோட சிடி, சாப்பிடற மாத்திரை லிஸ்ட், ஹார்ட் சம்பந்தமா பழைய எக்கோ ஈசிஜி. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க அதை பெருசா முதல் பக்கத்துலயே எழுதி வைங்க.

மாத்திரை லிஸ்ட்ல ஒரு விஷயம் கவனிங்க. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு டுடாஸ்டிரைடு அல்லது பைனஸ்டிரைடு கலந்த மாத்திரை, உதாரணத்துக்கு யூரிமேக்ஸ் டி மாதிரி, ஆறு மாசத்துக்கு மேல போட்டுட்டு இருந்தா பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியா காட்டும். அப்ப ரிப்போர்ட்ல 6ன்னு இருந்தா உண்மையான அளவு 12 பக்கம் இருக்கலாம். டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களா சொல்லுங்க, ஏன்னா எந்த ரிஸ்க் குரூப்ங்கறதே (படி 3ல சொல்றேன்) இதுல மாறிடும்.

இன்னொன்னு, லேப்ல போய் ஸ்லைடையும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்குங்க. சின்ன மெழுகு கட்டிக்குள்ள உங்க சதைத்துண்டு இருக்கும், அதை திரும்ப சீவி பாக்க முடியும். பெரிய கேன்சர் ஆஸ்பத்திரி எதுக்கு போனாலும் முதல் நாளே "பிளாக் கொண்டு வந்தீங்களா"ன்னு தான் கேப்பாங்க, இல்லைன்னா திரும்ப ஊருக்கு போய் எடுத்துட்டு வரணும், ஒரு வாரம் போச்சு. லேப்ல சிலசமயம் டாக்டர் லெட்டர் இல்லாம தரமாட்டாங்க, "ஐயா செகண்ட் ஒபினியனுக்கு வேணும், லெட்டர்ல என்ன எழுதணும்"னு பணிவா கேட்டா சொல்லிடுவாங்க, கையெழுத்து போட்டு வாங்கிட்டு வந்துடலாம். வெயில்ல கார் டேஷ்போர்டு மேல மட்டும் வைக்காதீங்க, மெழுகு உருகும்.

படி 2: பயாப்ஸி ரிப்போர்ட்டை வரி வரியா படிங்க

ஒரு ரிப்போர்ட்ல இப்படி ஒரு வரி இருக்கும்: இடது பக்கம், 6 கோர்ல 3 பாசிட்டிவ், க்ளீசன் 4+3=7, க்ரேட் குரூப் 3, 60 சதவீதம், பெரிநியூரல் இன்வேஷன் இருக்கு.

கோர்ங்கறது ஊசி வச்சு எடுத்த நூல் மாதிரி சதைத்துண்டு, வழக்கமா ரெண்டு பக்கமும் சேர்த்து 12 எடுப்பாங்க. அதுல எத்தனையில கேன்சர் இருக்கு, ஒவ்வொன்னுலயும் எவ்வளவு நீளத்துக்கு இருக்குங்கறது அடுத்த விஷயம். பெரிநியூரல் இன்வேஷன்னா கேன்சர் செல் நரம்பை சுத்தி போயிருக்குன்னு அர்த்தம். இதை விட முக்கியம் க்ளீசன், செல்லு எவ்வளவு மோசம்னு சொல்ற நம்பர். முதல் நம்பர் அதிகமா இருக்குற செல் வகை, ரெண்டாவது நம்பர் அடுத்ததா இருக்குற வகை. அதனால 3+4ம் 4+3ம் ரெண்டுமே கூட்டினா 7 தான், ஆனா 4+3ல மோசமான செல்லு தான் அதிகம், ரெண்டும் ஒன்னு இல்ல. இந்த குழப்பத்துக்காகவே க்ரேட் குரூப்னு 1 முதல் 5 வரைக்கும் வச்சிருக்காங்க: 6ன்னா குரூப் 1, 3+4ன்னா 2, 4+3ன்னா 3, 8ன்னா 4, 9ம் 10ம் குரூப் 5.

க்ளீசன் 6ன்னு பாத்துட்டு "பத்துக்கு ஆறா, பாதிக்கு மேல போயிடுச்சே"ன்னு அழுத குடும்பத்தை ஓபியில பாத்திருக்கேன். இன்னைக்கு ரிப்போர்ட்ல கொடுக்குறதுலயே அது தான் ஆகக்குறைஞ்ச க்ரேட். ஸ்டேஜும் க்ரேடும் வேற வேறங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க. க்ரேட் செல்லோட குணம், ஸ்டேஜ் எவ்வளவு தூரம் பரவியிருக்குங்கறது. பயாப்ஸியை வச்சு மட்டும் ஸ்டேஜ் சொல்ல முடியாது.

முடிவு எடுக்க முன்னாடி ஸ்லைடை இன்னொரு பெத்தாலஜிஸ்ட் பாக்கறது நல்லது, அதுவும் 6க்கும் 7க்கும் நடுவுல இருக்குற கேஸ்ல. ஒரு நம்பர் மாறினா ட்ரீட்மென்டே மாறும்.

படி 3: ஸ்கேன், எது, எப்ப

பிஎஸ்ஏ 10க்கு கீழ, க்ளீசன் 6, ஆசனவாய் வழியா விரல் விட்டு பாத்ததுல சின்னதா தான் இருக்குன்னா அது லோ ரிஸ்க், பொதுவா எலும்பு ஸ்கேனோ பெட் ஸ்கேனோ தேவைப்படாது. பிஎஸ்ஏ 10லேருந்து 20க்குள்ள, இல்ல க்ளீசன் 7ன்னா நடுத்தரம். பிஎஸ்ஏ 20க்கு மேல, இல்ல க்ளீசன் 8 அல்லது அதுக்கு மேல, இல்ல கட்டி ப்ராஸ்டேட் உறையை தாண்டி வெளிய வந்திருக்குன்னா ஹை ரிஸ்க். இந்த மூணுல நாம எதுன்னு டாக்டர் வாயால சொல்ல வச்சு ஃபைல் அட்டையிலேயே எழுதிக்கோங்க.

ஹை ரிஸ்க்குன்னா உடம்பு முழுக்க பாக்கணும். பழைய முறை சிடியும் போன் ஸ்கேனும். இப்ப பிஎஸ்எம்ஏ பெட் சிடி வந்திருக்கு, ப்ராஸ்டேட் கேன்சர் செல்லு மேல இருக்குற ஒரு புரதத்துல போய் ஒட்டுற மருந்தை ஊசியா போட்டு எடுக்கறது. ஆஸ்திரேலியாவுல நடந்த ப்ரோபிஎஸ்எம்ஏ ஆய்வு 2020ல வெளிவந்துச்சு, பரவலை சரியா கண்டுபிடிக்கிறதுல இது 92 சதவீதம், பழைய ரெண்டு ஸ்கேனும் சேர்த்து 65 சதவீதம். பெட் ஸ்கேன்னு மட்டும் சொல்லி புக் பண்ணா சாதாரண எஃப்டிஜி பெட் எடுத்துடப்போறாங்க, அது இந்த கேன்சரை பல நேரம் சரியா காட்டாது. போன்லயே "பிஎஸ்எம்ஏ தானே"ன்னு கேட்டு உறுதி பண்ணுங்க. ரேட்டு சென்டருக்கு சென்டர் நல்லாவே மாறும், ரெண்டு மூணு இடத்துல விசாரிங்க. வசதி இல்லைன்னா கவலைப்பட்டு உட்கார வேண்டாம், சிடியும் போன் ஸ்கேனும் வச்சு எத்தனையோ வருஷமா நல்லா வைத்தியம் பண்ணிட்டு தான் இருக்காங்க, ஸ்கேனுக்கு காசு சேக்கறேன்னு ட்ரீட்மென்டை மாசக்கணக்குல தள்ளறது தான் ஆபத்து.

எம்ஆர்ஐ பயாப்ஸிக்கு முன்னாடியே எடுத்திருந்தா ரொம்ப நல்லது. எடுக்கலைன்னா, பயாப்ஸி பண்ண உடனே எடுத்தா உள்ள ரத்தம் கட்டியிருக்கறதால தெளிவா தெரியாது, ஆறு முதல் எட்டு வாரம் விட சொல்வாங்க. இது டாக்டரோட அலட்சியம் கிடையாது.

இப்ப முக்கியமான விஷயம். உடனடி ஆபத்து எதுவும் இல்லாத பட்சத்துல, ஸ்கேன் முடியறதுக்கு முன்னாடி ஹார்மோன் ஊசி (ஆம்பளை ஹார்மோனை குறைக்கற ஊசி) போட ஒத்துக்காதீங்க, காரணம் கேளுங்க. ஊசி போட்டபிறகு பிஎஸ்ஏ இறங்கிடும், கட்டி சுருங்கும், முதல்ல எவ்வளவு இருந்துச்சுன்னு கணக்கு போட முடியாம போயிடும். விரை எடுக்குற ஆபரேஷனும் அப்படித்தான், அதுல திரும்பி வர வழியே இல்ல. பரவாத கேன்சர்ல குணப்படுத்தற வாய்ப்பு இருக்கும்போது அதை மட்டும் பண்ணிட்டு வீட்டுக்கு அனுப்பினா அது குறை வைத்தியம். பரவி எலும்புல வலியோட இருக்குறவருக்கு அதே ஆபரேஷன் ரொம்ப நல்ல வைத்தியம். கேஸ் தான் வேற.

படி 4: ஒரே டாக்டர்கிட்ட முடிவு எடுக்காதீங்க

பரவாத கேன்சர்னா யூராலஜி சர்ஜனையும் பாருங்க, ரேடியேஷன் ஆங்காலஜிஸ்டையும் பாருங்க, ரெண்டு பேரையும் பாத்தபிறகு தான் முடிவு. சர்ஜன் ஆபரேஷனை பத்தி நல்லா சொல்வாரு, ரேடியேஷன் டாக்டர் கரண்ட் ட்ரீட்மென்டை பத்தி நல்லா சொல்வாரு, அவங்கவங்க தினமும் பாக்கறது அது தான், தப்பு சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் கேட்டா தான் நமக்கு தெளிவு வரும். பரவியிருந்தா மெடிக்கல் ஆங்காலஜிஸ்ட் கட்டாயம். பெரிய சென்டர்கள்ல ட்யூமர் போர்டுனு எல்லா டாக்டரும் உட்கார்ந்து ஒரு கேஸை பேசுவாங்க, "எங்க கேஸை போர்டுல வைப்பீங்களா"ன்னு தாராளமா கேக்கலாம்.

எங்க போறது? 1954லேருந்து இருக்குற அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி ஜிஎச் இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா கரண்ட் ட்ரீட்மென்ட் வாரக்கணக்குல தினமும் போகணும்ங்கறதால வீட்டுக்கு பக்கத்துல இருக்குற இடத்தையும் பாருங்க, மதுரை, கோவை, தஞ்சாவூர், திருநெல்வேலி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகள்லயும் கேன்சர் ட்ரீட்மென்ட் இருக்கு. ப்ளானை பெரிய சென்டர்ல போட்டுட்டு ஊசி மாத்திரையை உள்ளூர்ல வாங்கிக்கிற ஏற்பாடு பல பேருக்கு ஒத்துவருது, வயசானவரை மாசாமாசம் ராத்திரி பஸ்ல கூட்டிட்டு போக வேண்டியதில்ல.

டாக்டர் ரூம்ல அஞ்சு நிமிஷம் தான் கிடைக்கும். அதனால கேள்வியை பேப்பர்ல எழுதிட்டு போங்க. "சார், அப்பா எந்த ரிஸ்க் குரூப்? குணப்படுத்தற நோக்கமா, கட்டுப்படுத்தற நோக்கமா? எத்தனை வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்? ஒன்னும் பண்ணாம பாத்துட்டு இருந்தா என்ன ஆகும்? யூரின் கசிவு எத்தனை பேருக்கு வருது, நீங்க வருஷத்துக்கு எத்தனை கேஸ் பண்றீங்க?" கடைசி கேள்வி கேக்க கூச்சமா இருக்கும், ஆனா கேளுங்க, நிறைய பண்றவங்க கையில ரிசல்ட் நல்லா இருக்கு, நல்ல சர்ஜன் இதுக்கு கோபப்படமாட்டாரு.

பேஷன்ட் முன்னாடியே பேசுங்க. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்"னு வெளிய நின்னு கண்ணை காட்டற பழக்கம் நம்ம குடும்பங்கள்ல நிறைய. யூரின் கன்ட்ரோல், தாம்பத்யம், ஹார்மோன் ஊசியோட களைப்பு எல்லாம் அனுபவிக்கப்போறது அவர் உடம்பு, எது வேணும்னு சொல்ற உரிமை அவருக்கு தான்.

படி 5: எந்த நிலைமைக்கு என்ன ட்ரீட்மென்ட்

லோ ரிஸ்க்னா பல பேருக்கு ஆக்டிவ் சர்வைலன்ஸ் போதும். சும்மா விடறதுனு அர்த்தம் எடுத்துக்காதீங்க, ஆறு மாசத்துக்கு ஒருதடவை பிஎஸ்ஏ, வருஷத்துக்கு ஒருதடவை விரல் பரிசோதனை, இடையில எம்ஆர்ஐ, திரும்ப பயாப்ஸினு ஒரு அட்டவணை இருக்கும், மாறுதல் தெரிஞ்சா அப்ப ட்ரீட்மென்ட். பிரிட்டன்ல ப்ரோடெக்ட்னு ஒரு பெரிய ஆய்வு, 1,643 பேரை கண்காணிப்பு, ஆபரேஷன், ரேடியேஷன்னு மூணா பிரிச்சாங்க, 2023ல வந்த 15 வருஷ ரிசல்ட்ல மூணு பிரிவுலயுமே ப்ராஸ்டேட் கேன்சரால இறந்தவங்க சுமார் 3 சதவீதம் தான். கண்காணிப்புல இருந்தவங்களுக்கு பரவல் மத்த பிரிவை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கா இருந்துச்சு, அதையும் மறைக்காம சொல்லணும். செக்கப்புக்கு தவறாம வர முடியும்னா மட்டும் இதை எடுங்க. வெளிநாட்டுல மகன் வீட்டுக்கு போய் வருஷம் முழுக்க இருக்கப்போறவருக்கு அங்கயே பிஎஸ்ஏ பாக்க ஏற்பாடு பண்ணிட்டு தான் அனுப்பணும்.

நடுத்தரமும் ஹை ரிஸ்க்கும், பரவாம இருந்தா, ஆபரேஷன் அல்லது ரேடியேஷன். ஆபரேஷன்னா ப்ராஸ்டேட்டை முழுசா எடுக்கறது, ஓபனாவோ லேப்ராஸ்கோபியிலயோ ரோபோ வச்சோ. ரோபோல ரத்த இழப்பு கம்மி, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம், ஆனா கேன்சர் கட்டுப்பாட்டுல மூணுக்கும் பெரிய வித்தியாசம் காட்டப்படல, கையில தேர்ச்சி இருக்குற சர்ஜன் தான் முக்கியம், ரோபோவுக்காக நிலத்தை விக்காதீங்க. ஒரு வாரம் பத்து நாள் ட்யூப் இருக்கும், எடுத்தபிறகு யூரின் கசியும், பெரும்பாலானவங்களுக்கு சில மாசத்துல படிப்படியா குறையும். இடுப்புத்தள தசை பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்னாடியே பிசியோதெரபிஸ்ட்கிட்ட கத்துக்கிட்டா உதவும். விறைப்பு குறையறது பல பேருக்கு வரும், நரம்பை காப்பாத்த முடியுமான்னு முன்கூட்டியே கேளுங்க, எழுபது வயசு ஆளுக்கு எதுக்கு இந்தக் கேள்வின்னு பிள்ளைங்க நீங்களா முடிவு பண்ணாதீங்க.

கரண்ட் ட்ரீட்மென்ட் முன்னாடி ஏழு எட்டு வாரம் தினமும் இருந்துச்சு. இப்ப பல இடத்துல நாலு வாரத்துல 20 சிட்டிங்ல முடிக்கிறாங்க, 2016ல வந்த பிரிட்டன் சிஹிப் ஆய்வுக்கு அப்புறம் இது பரவலாச்சு, தேர்ந்தெடுத்த கேஸுக்கு எஸ்பிஆர்டினு 5 சிட்டிங்லயே முடியுது. வெளியூர்லேருந்து ரூம் எடுத்து தங்கறவங்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு சொல்லவே வேண்டாம், அதனால "எங்களுக்கு 20 சிட்டிங் ஒத்துவருமா"ன்னு கேளுங்க. ஒவ்வொரு நாளும் மோஷன் போயிருக்கணும், அப்புறம் சொன்ன அளவு தண்ணி குடிச்சுட்டு மூத்திரப்பை நிறையற வரைக்கும் வெளிய பெஞ்சுல காத்திருக்கணும், பை நிறைஞ்சிருந்தா தான் குடலும் பையும் கதிர் படற வழியிலேருந்து விலகி இருக்கும். மெஷின் ரிப்பேர்னு அரைமணி லேட்டாச்சுன்னா பெரியவங்க தவிச்சுப்போவாங்க, கூச்சப்படாம டெக்னீஷியன்கிட்ட "தம்பி, அடக்க முடியல"ன்னு சொல்ல சொல்லுங்க, கொஞ்சம் போயிட்டு திரும்ப குடிச்சுக்கலாம், அடக்கி அடக்கி உள்ள போய் படுக்கும்போது விட்டுடறதை விட இது நல்லது.

ரேடியேஷன் கூட ஹார்மோன் ஊசி சேர்ப்பாங்க, நடுத்தரத்துல பொதுவா நாலு முதல் ஆறு மாசம், ஹை ரிஸ்க்ல ஒன்றரை முதல் மூணு வருஷம். "கரண்ட் முடிஞ்சுடுச்சே, ஊசி எதுக்கு"ன்னு நடுவுல நிறுத்தறவங்க நிறைய, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க, முடியறதே அந்த ஊசியையும் சேர்த்து தான்.

பரவியிருந்தா ஆம்பளை ஹார்மோனை குறைக்கறது தான் அடிப்படை, 1941ல சார்ல்ஸ் ஹக்கின்ஸ் கண்டுபிடிச்சது, அதுக்கு 1966ல நோபல் பரிசு கிடைச்சுது, இன்னைக்கும் அது தான் அஸ்திவாரம். ரெண்டு வழி: லியூப்ரோலைடு, கோசரலின், டிகாரெலிக்ஸ் மாதிரி ஊசி, இல்லைன்னா விரையை எடுக்கறது. ஊசி மாசாமாசமோ மூணு மாசத்துக்கோ தொடர்ந்து போடணும், ஒரு தவணை தவறினாலும் ஹார்மோன் ஏற ஆரம்பிக்கும். ஆபரேஷன் ஒரே தடவை, செலவு கம்மி, மறந்துபோற பிரச்சனை இல்ல. தூரமா இருக்குறவங்க, ஊசிக்கு தொடர்ந்து காசு கட்ட முடியாதவங்க இதை தைரியமா எடுக்கலாம், வேலை செய்யறதுல ஊசிக்கு குறைஞ்சது இல்ல. லியூப்ரோலைடு வகை ஊசி ஆரம்பத்துல ஹார்மோனை கொஞ்ச நாள் ஏத்திட்டு தான் இறக்கும், அதனால பைகலுடமைடு மாத்திரை கூடவே சில வாரம் தருவாங்க, முதுகெலும்புல பரவல் இருக்குறவர்னா அதை நீங்களா நினைவுபடுத்துங்க.

இங்க தான் ரொம்ப பேர் பாதி வைத்தியத்தோட நிக்கிறாங்க. உடம்பு தாங்கும்னா ஊசி மட்டும் போதாதுன்னு 2015க்கு அப்புறம் சார்டட், ஸ்டாம்பீட், லாட்டிட்யூட்னு பல ஆய்வு காட்டிடுச்சு, கூடவே அபிராடெரோன், என்சலுடமைடு, அபலுடமைடு, டரோலுடமைடு மாத்திரைகள்ல ஒன்னோ, டோசிடாக்செல் கீமோவோ சேர்த்தா ஆயுசு கூடுது. "டாக்டர், ஊசியோட வேற மாத்திரை சேர்க்கணுமா, வேண்டாம்னா ஏன்"னு கண்டிப்பா கேளுங்க. அபிராடெரோன் நம்ம நாட்டு கம்பெனிகளோட ஜெனரிக்கா கிடைக்குது, விலை கம்பெனிக்கு கம்பெனி எக்கச்சக்கமா மாறும், எம்ஆர்பியை பாத்து பயந்துடாம ஆஸ்பத்திரி பார்மசியிலயும் மொத்த கடையிலயும் விசாரிங்க. அதை பொதுவா வெறும் வயித்துல போடணும், கூட பிரெட்னிசோலோன் இருக்கும், பிபி, பொட்டாசியம், லிவர் டெஸ்ட் பாத்துட்டே இருக்கணும். எலும்புல சில இடத்துல மட்டும் தான் பரவல்னா ப்ராஸ்டேட்டுக்கும் கரண்ட் வைக்கறதுல பலன் இருக்கு, அதையும் கேட்டுக்கோங்க.

படி 6: காசு, காப்பீடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். அட்டை இல்லைன்னா ரிப்போர்ட் வந்த அன்னைக்கே அந்த வேலையை ஆரம்பிங்க, ஆபரேஷன் தேதி வந்தபிறகு ஓடாதீங்க. விஏஓகிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்கு போகணும். ரேஷன் கார்டுல பேர் ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி இருந்தா அங்கயே நிக்கும், முதல்ல அதை சரி பண்ணுங்க. அட்டை இருந்தாலும் எல்லா ட்ரீட்மென்டும் எல்லா ஆஸ்பத்திரியிலயும் வராது, ஆஸ்பத்திரிக்குள்ள காப்பீட்டு கவுன்டர் இருக்கும், "இந்த ட்ரீட்மென்டுக்கு அப்ரூவல் வாங்க முடியுமா, எத்தனை நாள் ஆகும், எது வெளிய வாங்கணும்"னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேளுங்க. சந்தேகத்துக்கு 104க்கு போன் பண்ணலாம். தனியார் பாலிசி இருந்தா ஊசியும் மாத்திரையும் அட்மிட் ஆகாம எடுக்கும்போது கவர் ஆகுமான்னு எழுத்துல வாங்குங்க, பல பேருக்கு தகராறு அங்க தான் வருது.

ட்ரெயின்ல கேன்சர் பேஷன்டுக்கு சலுகை உண்டு, ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசியிலயும் பேஷன்டுக்கு டிக்கெட் முழு சலுகை, கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில அதுக்கு ஒரு ஃபாரம் கையெழுத்து வாங்கணும், முதல் விசிட்லயே கேட்டு வாங்கிடுங்க.

படி 7: எவ்வளவு நாளைக்குள்ள, லேட் ஆனா என்ன பண்ணணும்

லோ ரிஸ்க்னா ரெண்டு மூணு மாசம் யோசிச்சு, ரெண்டாவது கருத்து கேட்டு, பொண்ணு கல்யாணத்தை முடிச்சுட்டு கூட முடிவு எடுக்கலாம். நடுத்தரத்துலயும் சில வாரம் போறதால கெட்டுடாது, பயாப்ஸிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவுல ஆறு வாரம் மாதிரி சர்ஜனே விடச்சொல்வாரு, புண் ஆறி வீக்கம் வத்தணும்ல. டியூஆர்பி பண்ணவங்களுக்கு ரேடியேஷன் ஆரம்பிக்கவும் இப்படி ஒரு இடைவெளி வேணும். ஹை ரிஸ்க்னா ஸ்கேனும் டாக்டர் சந்திப்பும் ஒரு மாசத்துக்குள்ள முடிஞ்சு ட்ரீட்மென்ட் தேதி கையில இருக்கணும்னு நான் சொல்வேன். எலும்புல பரவி வலியோட இருக்கார்னா ஹார்மோன் வைத்தியம் நாள் கணக்குல ஆரம்பிக்கணும்.

வெயிட்டிங் லிஸ்ட்னு சொன்னா வீட்டுக்கு போய் போன் வரும்னு உட்காராதீங்க. தேதியை கேளுங்க, எந்த ஸ்டாஃப்கிட்ட விசாரிக்கணும்னு பேரும் எக்ஸ்டென்ஷனும் வாங்குங்க, ஆட்கள் வராத ஸ்லாட் கிடைச்சா கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வாங்க. "சார், ரேடியேஷனுக்கு ரெண்டு மாசம் ஆகும்னா அதுவரைக்கும் ஹார்மோன் ஊசி ஆரம்பிச்சுக்கலாமா"னு கேளுங்க. ஹை ரிஸ்க்ல ஸ்கேன் எல்லாம் முடிஞ்சிருந்தா பல நேரம் அப்படித்தான் செய்வாங்க, காத்திருக்குற காலம் வீணாகாது.

ஹார்மோன் வைத்தியம் ஆரம்பிக்க முன்னாடி சின்ன சின்ன வேலை இருக்கு. டெஸ்டோஸ்டிரோன் (ஆம்பளை ஹார்மோன்) அளவு ஒருதடவை பாத்து வைங்க, சுகர், கொழுப்பு, ஹார்ட் செக்கப் முடிங்க, இந்த ஊசியில எடை கூடும் சுகர் ஏறும் எலும்பு மெலியும், அதனால கால்சியம் வைட்டமின் டி பத்தி கேளுங்க, தினமும் நடக்க வைங்க. எலும்புக்காக சோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடற பேச்சு வந்தா முதல்ல பல் டாக்டர்கிட்ட போய் பிடுங்க வேண்டிய சொத்தைப் பல்லை பிடுங்கி புண் ஆறினபிறகு தான், இல்லைன்னா தாடை எலும்பு கெடற அபாயம் இருக்கு. பரவின கேஸ்லயும், குடும்பத்துல மார்பக, சினைப்பை கேன்சர் இருந்தவங்களுக்கும் பிஆர்சிஏ மரபணு டெஸ்ட் பத்தி கேளுங்க, மருந்து தேர்வுக்கும் உதவும், பிள்ளைங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

நாட்டு மருந்து, பொடி, கஷாயம் எடுக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, முக்கியமா அபிராடெரோன் போடும்போது, லிவர் ரெண்டையும் தாங்குதான்னு பாக்கணும். மருந்துக்கு பதிலா அதை மட்டும் எடுக்கறேன்னு பெரியவர் அடம்பிடிச்சா சண்டை போடாம, அவர் மதிக்கிற ஒருத்தரை, பழைய ஸ்கூல் வாத்தியாரோ மச்சானோ யாரோ, கூட்டிட்டு வந்து டாக்டர் முன்னாடி பேச வைங்க.

படி 8: ட்ரீட்மென்டுக்கு அப்புறம் பிஎஸ்ஏ நோட்டு

ஒரு சின்ன நோட்டு போட்டு தேதி, பிஎஸ்ஏ, லேப் பேர் எழுதுங்க, முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப்ல பாருங்க. ஆபரேஷன் பண்ணவருக்கு ஆறு முதல் எட்டு வாரத்துல பிஎஸ்ஏ ஏறக்குறைய சுத்தமா இல்லாம போயிருக்கணும், அப்புறம் 0.2ஐ தொட்டு அடுத்த டெஸ்ட்லயும் ஏறினா திரும்ப வருதுன்னு எடுத்துக்குவாங்க, அந்த நேரத்துல பிஎஸ்ஏ குறைவா இருக்கும்போதே ரேடியேஷன் வச்சா பலன் அதிகம், அதனால "கொஞ்சம் தானே ஏறியிருக்கு"ன்னு விட்டுடாதீங்க. ரேடியேஷன் பண்ணவருக்கு கணக்கு வேற, மெதுவா வருஷக்கணக்குல இறங்கும், நடுவுல லேசா ஏறி இறங்கறதும் உண்டு, இறங்கின ஆகக்குறைஞ்ச அளவுக்கு மேல 2 ஏறினா தான் திரும்ப வந்ததா கணக்கு. ரெண்டு பேர் ரிப்போர்ட்டையும் ஓபி பெஞ்சுல வச்சு ஒப்பிட்டு பாத்து "அவருக்கு 0.03, எங்கப்பாவுக்கு 0.8 இருக்கே"ன்னு தூக்கம் கெடவேண்டாம்.

பிஎஸ்ஏ குறைவா இருந்தாலும் புதுசா எலும்பு வலி, எடை குறையறது, காரணமில்லாத ரத்தசோகை வந்தா அடுத்த செக்கப் தேதிக்கு காத்திருக்காம போங்க, க்ரேட் குரூப் 5 கேஸ்ல சிலருக்கு பிஎஸ்ஏ பெருசா ஏறாமலே நோய் நகரும். ஊசி போடற தேதியை வீட்டு காலண்டர்ல ஒரு வருஷத்துக்கும் சேர்த்து இப்பவே வட்டம் போட்டு வைங்க, பொங்கல், தீபாவளி லீவுல தேதி விழுந்தா ரெண்டு நாள் முன்னாடி போட்டுக்கலாமான்னு நர்ஸ்கிட்ட முந்தின விசிட்லயே கேட்டுடுங்க.